இனிப்பு மாத்திரை, சாசே, பவுடர்: மாசம் ஆயிரம் ரூபா தேவையா?

கேள்வி: மேடம், நாங்க சேலம் அம்மாப்பேட்டைங்க. வீட்டுக்காரருக்கு 57 வயசு, 64 கிலோ, சொந்தமா நாலு தறி ஓட்டறார். சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு, ரெண்டு வருஷம் முன்ன நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சிருக்கு. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடுன்னு ரெண்டு மாத்திரை சாப்பிடறார். கடைசியா பாத்த மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 8.4. அஞ்சு டீ குடிப்பார், டீக்கு ரெண்டு இனிப்பு மாத்திரை, 300 மாத்திரை டப்பா 170 ரூபா. மருமக எடை குறைக்கறேன்னு ஸ்டீவியா சாசே வாங்கறா, 50 சாசே 250 ரூபா. பெங்களூர்ல இருக்கற பொண்ணு எரித்ரிட்டால்னு ஒரு பவுடர் அனுப்பறா, அரைக்கிலோ 550 ரூபா, அதை ஆறு வயசு பேரனுக்கும் பால்ல போட்டுத்தரேன். மாசம் ஆயிரம் ரூபா இதுக்கே போகுது, பவுடர் தீந்துடுமோன்னு அளந்து அளந்து போடறேன். இப்ப வாட்ஸ்அப்ல இந்த மாத்திரை கேன்சர் வரவைக்கும்னு வந்திருக்கு. மாமியார் நாட்டுச்சக்கரைக்கே மாறிடுங்கறாங்க. பொங்கல்ல அந்த மாத்திரைய போட்டு செஞ்சேன், இனிப்பே இல்ல. வீட்ல அஸ்காவே, அதான் வெள்ளைச் சக்கரையே, வாங்கறதில்லைங்க இப்ப. எதை வச்சுக்கறது எதை விடறது?

பதில்: அக்கா, நீங்க கேன்சர் பத்தியும் எழுதியிருக்கீங்க, ஆனா "அளந்து அளந்து போடறேன்"ன்னு எழுதினீங்களே, அந்த வரிதாங்க எனக்கு மனசுல நின்னுச்சு. சேலத்துல உணவு ஆலோசனை சொல்ற வேலையில இத்தன வருஷமா உக்காந்திருக்கேன், விலை கூடின டப்பாதான் பாதுகாப்பான டப்பான்னு நம்பி வீட்டுச்செலவ சுருக்கிக்கிட்டு வாங்கற அம்மாக்கள வாரம் ரெண்டு பேராவது பாக்கறேன். உங்க வீட்ல இருக்கற மூணுல எதை வச்சுக்கலாம்னு கேட்டா, அந்த 170 ரூபா மாத்திரைய வச்சுக்கலாம். எதை முதல்ல நிறுத்தணும்னா அந்த 550 ரூபா பவுடரை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல காசுக்கணக்கையே பாத்துடுவோம். அஸ்கா கிலோ 45 ரூபான்னு வச்சா ஒரு டீஸ்பூன், அதாவது அஞ்சு கிராம், 22 பைசா சில்லறை. உங்க மாத்திரை ஒன்னு 57 பைசா, அது சுமாரா ஒரு ஸ்பூன் சக்கரையோட இனிப்பு தரும். மருமகளோட சாசே ஒன்னு அஞ்சு ரூபா, அது கம்பெனியப் பொறுத்து ஒரு ஸ்பூனுக்கோ ரெண்டு ஸ்பூனுக்கோ சமம். பவுடர் கிராம் ஒரு ரூபா பத்து பைசா, ஆனா எரித்ரிட்டாலுக்கு சக்கரையோட இனிப்புல நூத்துக்கு எழுபதுதான் இருக்கு, அதனால ஒரு ஸ்பூன் சக்கரையோட இனிப்பு வேணும்னா ஏழு கிராம் போடணும், ஏழு ரூபா எழுபது பைசா ஆகுதுங்க. ஒரே அளவு இனிப்பு, ஒன்னு அரை ரூபா சில்லறை, இன்னொன்னு எட்டு ரூபா கிட்ட. வீட்டுக்காரரோட பத்து ஸ்பூன் டீ இனிப்பையும் அந்தப் பவுடர்லயே போட்டிருந்தீங்கன்னா மாசம் ரெண்டு கிலோவுக்கு மேல ஆகும், 2300 ரூபா. நீங்க அளந்து போட்டதுல தப்பே இல்ல, அதோட விலை அப்படி.

இந்த விலை எதுக்குன்னா இனிப்புக்கு இல்லைங்க. சாசேயப் பிரிச்சா ஒரு கிராம் வெள்ளப் பொடி இருக்குமில்ல, அதுல நிஜமா இனிக்கற பொருள் சில மில்லிகிராம்தான். சுக்ரலோஸ் சக்கரைய விட 600 மடங்கு இனிப்பு, அப்ப ஒரு ஸ்பூன் சக்கரைக்கு ஈடா எட்டு மில்லிகிராம் போதும், கண்ணுக்கே தெரியாது, விரல்ல எடுக்க முடியாது. ஸ்டீவியாவுல இருந்து எடுக்கற சத்தும் 200, 300 மடங்கு. அதைக் கையில எடுக்கற மாதிரி ஆக்கறதுக்கு ஒரு பொருளச் சேத்து நிரப்பறாங்க, மாத்திரைன்னா லாக்டோஸ், சாசேன்னா டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், எரித்ரிட்டால் இப்படி. மால்டோடெக்ஸ்ட்ரின்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம், மரவள்ளி மாவு, மக்காச்சோள மாவு மாதிரி ஸ்டார்ச்ச உடைச்சு எடுக்கறதுதான், சேகோ (ஜவ்வரிசி) ஆலை பக்கம் இருக்கறவங்களுக்கு ஸ்டார்ச் பத்தி நான் என்ன சொல்றது. அது கிராமுக்கு நாலு கலோரி, ரத்தத்துல சக்கரைய சட்டுனு ஏத்தற ரகம். ஒரு சாசேயில ஒரு கிராம்னா ஒன்னும் ஆகாது, பயப்படாதீங்க, ஆனா கேக்கு செய்யறதுக்குன்னு கப்புக்கு கப்பு சக்கரைக்கு பதிலா போடற பவுடர் விக்கறாங்களே அதுல இது குவியலா இருக்கலாம், அதனால முன்பக்கம் இருக்கற பச்சை இலை படத்தப் பாக்காம டப்பாவத் திருப்பி பின்னாடி என்னென்ன சேத்திருக்குன்னு பாருங்க.

பேர் வாயில நுழையலன்னா நம்பரப் பாருங்க, அது ரொம்ப சுலபம். 951 அஸ்பார்டேம், 950 அசிசல்ஃபேம், 954 சாக்ரீன், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால். இதை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கிட்டா கடையில நிக்கறப்ப யாரையும் கேக்க வேண்டியதில்ல.

இப்ப கேன்சர். வாட்ஸ்அப்ல வந்தது முழுப் பொய் இல்லைங்க, பாதிச் செய்தி. 2023 ஜூலையில உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த மாதிரி மாத்திரையில பொதுவா இருக்கற அஸ்பார்டேம "2பி"ங்கற பட்டியல்ல சேத்தாங்க, கேன்சர் வரவைக்கலாம்னு சந்தேகம் இருக்கு, ஆதாரம் குறைவு, அப்படிங்கறதுதான் அதுக்கு அர்த்தம். அதே பட்டியல்ல முழுக் கத்தாழை இலையோட சாறும் இருக்கு, கிழக்காசியப் பக்கம் போடற காய்கறி ஊறுகாயும் இருக்கு. அதே நாள்ல அதே நிறுவனத்தோட இன்னொரு நிபுணர் குழு, எவ்வளவு சாப்பிட்டா பரவால்லன்னு பாக்கற குழு, பழைய அளவ மாத்த வேண்டியதில்லன்னு சொன்னாங்க, உடம்பு எடை கிலோவுக்கு நாளைக்கு 40 மில்லிகிராம் வரைக்கும். ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு, ஃபார்வர்டு ஆனது முதல் பாதி மட்டும்.

இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எங்கிட்ட வர்றவங்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். தண்ணி ஆள முழுக்குமான்னு கேட்டா மேட்டூர் அணையப் பாத்து ஆமாம் முழுக்கும்னுதான் சொல்லணும், உங்க வீட்டுச் சொம்புல இருக்கற தண்ணி முழுக்குமான்னு கேட்டா அது வேற கேள்வி. முதல் குழு பாத்தது முதல் கேள்விய, ரெண்டாவது குழு பாத்தது ரெண்டாவத. உங்க வீட்டுக்காரர் 64 கிலோ, நாப்பதால பெருக்கினா 2560 மில்லிகிராம். இந்த சின்ன மாத்திரையில பொதுவா 20 மில்லிகிராமுக்குக் கிட்ட அஸ்பார்டேம் இருக்கும், எவ்வளவுன்னு டப்பாவுல போட்டிருக்கும் பாத்துக்குங்க. அவர் நாளைக்கு பத்து போடறார், 200 மில்லிகிராம். அந்த எல்லைய எட்டணும்னா 128 மாத்திரை போடணும். அந்த எல்லையும் எலி, நாய்னு விலங்குகளுக்குக் கொடுத்துப் பாத்து ஒன்னும் ஆகாத அளவ எடுத்து, அதை நூறால வகுத்து வச்சதுங்க, அதுக்குள்ளயே நிறைய இடம் விட்டிருக்காங்க.

ஃபிரான்ஸ்ல ஒரு லட்சம் பேருக்கு மேல வருஷக்கணக்கா கவனிச்சதுல, இந்த இனிப்பு அதிகமா சேத்துக்கிட்டவங்களுக்கு கேன்சர் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சுன்னு 2022ல ஒரு ஆய்வு வந்தது நிஜம், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இந்த இனிப்புக்குப் போறவங்கள்ல நிறைய பேர் ஏற்கனவே குண்டா இருக்கறவங்க, சுகர் இருக்கறவங்க, அதனாலயே சில கேன்சர் கூடுதலா வரும், எது எதனாலன்னு இந்த மாதிரி ஆய்வுல முழுசா பிரிக்க முடியாது. இன்னொன்னு, அஸ்பார்டேம் வயித்துல உடையறப்ப மெத்தனால் வருது கண்ணு போயிடும்னு ஒரு செய்தியும் சுத்துது. வர்றது நிஜம், எடையில பத்துல ஒரு பங்கு, அதாவது உங்க மாத்திரை ஒன்னுல ரெண்டு மில்லிகிராம். ஒரு டம்ளர் தக்காளி ஜூஸ்லயே அதை விட அதிகமா வரும். ஃபீனைல்கீட்டோனூரியான்னு பொறவியிலயே வர்ற ஒரு அபூர்வ நோய் இருக்கறவங்க மட்டும் அஸ்பார்டேமத் தொடவே கூடாது, அது டப்பாவுலயே எச்சரிக்கையா போட்டிருக்கும்.

என் வயசுக்காரங்களுக்கு இந்த பயம் புதுசில்லைங்க. பள்ளிக்கூட வாசல்ல விப்பாங்களே கலர் குச்சி ஐஸ், சப்பி முடிச்ச பின்னாடி நாக்கோட அடியில ஒரு கசப்பு நிக்கும், அது சாக்ரீன். 1879ல நிலக்கரித் தார்ல இருந்து வர்ற பொருள்கள ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தப்ப தற்செயலா கண்டுபிடிச்சது. 1970கள்ல எலிக்கு நிறைய கொடுத்து மூத்திரப்பையில கட்டி வருதுன்னு பாத்தாங்க, அமெரிக்காவுல 1977ல தடை பண்ணவே போனாங்க, அப்புறம் எச்சரிக்கை வாசகத்தோட விட்டாங்க. பின்னாடி பாத்தா ஆண் எலியோட மூத்திரத்துல இருக்கற புரதமும் கால்சியமும் சேந்து துகளா படிஞ்சு உள்சுவர உரசினதுல வந்த வினை, மனுசனுக்கு அந்த வழியே கிடையாது, 2000ல அமெரிக்காவோட கேன்சர் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க. எங்கம்மா அந்த ஐஸுக்கு அடிச்ச அடி இன்னும் நினைவிருக்கு, ஆனா அந்த ஐஸ்ல நிஜமா பயப்பட வேண்டியது ஐஸ்காரங்க பிடிச்ச தண்ணி.

சரி, கேன்சருக்கு அவ்வளவு ஆறுதல் சொல்லிட்டு ஏன் அந்தப் பவுடர நிறுத்தச் சொல்றேன்னு கேப்பீங்க. வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் இருக்கு, அதான். 2023ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக் டாக்டர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ரத்தத்துல எரித்ரிட்டால் அளவு அதிகமா இருந்தவங்களுக்கு அடுத்த மூணு வருஷத்துல மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலா வந்திருக்குன்னு. நம்ம உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கும், உடம்பு சரியில்லாதவங்களுக்கு அது கூடுதலா சுரக்கும்ங்கறதால இத மட்டும் வச்சு பவுடர் மேல பழி போட முடியாது. ஆனா அவங்க அதோட நிக்கல. ஆரோக்கியமா இருந்த எட்டு பேருக்கு 30 கிராம் குடிக்கக் கொடுத்துப் பாத்தாங்க, ரத்தத்துல ஏறின அளவு ரெண்டு நாளைக்கு மேலயும் இறங்கல, அடுத்த வருஷம் பண்ணின சோதனையில ரத்தத்த உறைய வைக்கற தட்டணுக்கள் சுலபமா ஒட்டிக்கற மாதிரி ஆச்சுன்னும் தெரிஞ்சுது. சின்ன ஆய்வுதான், தீர்ப்பு இல்ல. ஆனா ஸ்டென்ட் வச்ச, ரத்தம் உறையவே கூடாத ஒரு மனுசனுக்கு, இப்படி சந்தேகம் இருக்கற ஒரு பொருள, அதுவும் வீட்லயே விலை அதிகமான பொருள, டம்ளர் டம்ளரா கொடுக்கறதுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியல. பொண்ணு பாசத்துல அனுப்பறா, அவ மேல கோவப்படாதீங்க, இதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடுங்க.

இனிப்பு மாத்திரை மட்டும் போட்டா சுகர் குறையுமான்னா, அதுவும் இல்லைங்க, இதுதான் உங்க 8.4க்கான விஷயம். நம்ம சென்னையிலயே மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்ல 179 சுகர்காரங்கள வச்சு 12 வாரம் பாத்தாங்க, ஒரு பாதிப் பேர் டீ காபியில சக்கரைக்கு பதிலா சுக்ரலோஸ், மறுபாதி வழக்கம்போல சக்கரை. மூணு மாச சுகர்ல பெரிய வித்தியாசம் இல்ல, எடையும் இடுப்புச் சுத்தளவும் மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது. கெடுதலும் பண்ணல, அற்புதமும் பண்ணல. அஞ்சு டீக்கு பத்து ஸ்பூன் சக்கரைன்னா 50 கிராம், 200 கலோரி, அதை நிறுத்தினது நல்லதுதான். ஆனா மத்தியானம் தறிக்கொட்டாயில இருந்து வந்து உக்காந்தா எத்தனை கரண்டி சாதம் போடறார்? ஒரு கப் சோத்துல 45 கிராம் மாவுச்சத்து இருக்கு, மூணு கப்புன்னா 135. சாயந்திரம் ஜவ்வரிசி உப்புமாவோ ரெண்டு செட்டு தட்டுவடையோ. ஜவ்வரிசி நூறு கிராம்ல 88 கிராமுக்கு மேல மாவுச்சத்துதான், கிட்டத்தட்ட வெறும் ஸ்டார்ச். டீயில ரெண்டு மாத்திரை போட்டுட்டோம்னு மனசுக்கு ஒரு நிம்மதி வந்துடுது, அந்த நிம்மதியில ஒரு கரண்டி சோறு கூடுதலா எறங்குது. நான் பாத்தவரைக்கும் இந்த மாத்திரையால வர்ற பெரிய கெடுதல் இதுதான்.

அதனால பவுடர், சாசே ரெண்டையும் நிறுத்தினா மிச்சமாகற 800 ரூபால குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்குங்க. ஒரு வாரத்துக்கு மத்தியானச் சோறு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை குத்திப் பாத்து நோட்டுல எழுதச் சொல்லுங்க. அடுத்த வாரம் அதே நேரம், ஒரு கப் சாதத்தக் குறைச்சு அந்த இடத்துல பொரியலும் கொஞ்சம் கொண்டக்கடலையோ பச்சைப்பயறோ வச்சு பாருங்க. நீங்க சொல்லி கேக்காதவர் அந்த மிஷின்ல வர்ற நம்பருக்கு கேப்பார், தறிக்காரங்களுக்கு கணக்குன்னா புரியும். மூணு மாசம் கழிச்சு அந்த ரத்த டெஸ்ட மறுபடி எடுங்க. சோத்தக் குறைக்கறப்ப சுகருக்குச் சாப்பிடற மாத்திரையோட அளவையும் மாத்த வேண்டி வரலாம், அவரோட டாக்டர்கிட்ட சொல்லிட்டே ஆரம்பிங்க, கிளிமிபிரைடு சாப்பிடறவருக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னு கடைசியில சொல்றேன்.

டீ மாத்திரைய ரெண்டுல இருந்து ஒன்னரை, ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒன்னு, அப்புறம் அரைன்னு இறக்கிக்கிட்டே வாங்க. நாக்கு சில வாரத்துல பழகிக்கும். ஒரேயடியா நிறுத்தச் சொன்னா மூணாவது நாள் முக்குக் கடையில போயி சக்கரை போட்ட டீயே குடிச்சுட்டு வருவார்.

மருமகளுக்கு, அவங்களுக்கு சுகர் இல்லன்னா, அந்த சாசேயே தேவையில்லைங்க. 2023 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் எடை குறைக்கறதுக்காக இந்த வகை இனிப்பு எதையும் நம்ப வேண்டாம்னு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு, ஸ்டீவியாவும் அதுல சேத்திதான், நீண்ட நாள் பாத்ததுல எடை ஒன்னும் குறையலங்கறது ஒரு முக்கியக் காரணம். ஏற்கனவே சுகர் இருக்கறவங்கள அந்த வழிகாட்டுதல்ல சேக்கல, அதனால அதைப் பாத்துட்டு வீட்டுக்காரரோட மாத்திரையப் பிடுங்க வேண்டாம். 2022ல இஸ்ரேல்ல 120 பேர வச்சுப் பாத்ததுல சாக்ரீனும் சுக்ரலோஸும் ரெண்டே வாரத்துல சிலருக்கு குடல் கிருமிய மாத்தி, சக்கரைய உடம்பு கையாளற விதத்தையும் கெடுத்துச்சு, எல்லாருக்கும் இல்ல. ஸ்டீவியா இயற்கை, இலையில இருந்து வருதுன்னு மருமக சொல்வாங்க. இலை பராகுவே பக்கத்து இலை, சீனித்துளசின்னு நம்ம பக்கமும் தொட்டியில வளக்கறாங்க, ஆனா சாசேயில இருக்கறது அந்த இலை இல்ல, அதுல இருந்து ஆலையில சுத்திகரிச்சுப் பிரிச்செடுத்த சத்து. அது கெட்டதுன்னு நான் சொல்லல, இலைங்கறதுக்காக பத்து மடங்கு காசு குடுக்க வேண்டாம்னுதான் சொல்றேன்.

மாமியார் சொல்ற நாட்டுச்சக்கரை. இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், பெரியவங்க மனசு நோகாம நீங்க எடுத்துச் சொல்லுங்க. நாட்டுச்சக்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாமே பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், ரத்தத்துல சக்கரை ஏறறது ஏறத்தான் செய்யும். இரும்புச்சத்து இருக்குங்கறாங்க, ஒரு ஸ்பூன்ல இருக்கறது ஒரு கைப்பிடி கீரைக்கு முன்ன நிக்காது. நல்லதுதானேன்னு ஒரு ஸ்பூன் போடற இடத்துல ரெண்டு போடறாங்க, அங்கதான் சுகர் ஏறுது. போதாததுக்கு நம்ம ஜில்லாவுலயே வெல்லத்துல அஸ்காவக் கலந்து காச்சறத அதிகாரிங்க பல தடவை பிடிச்சிருக்காங்க, ஆக கூடுதல் காசு குடுத்து அதே அஸ்காவ வாங்கின மாதிரி ஆயிடும். சுகர் இல்லாத மாமியார் அவங்க காபிக்கு அளவா போட்டுக்கட்டும், வீட்டுக்காரருக்கு வேண்டாம்.

பொங்கல் இனிக்காததுக்கு உங்க கைப்பக்குவம் காரணமில்ல. அஸ்பார்டேம் சூட்டுல உடைஞ்சுபோயி இனிப்பே போயிடும், கொதிக்கறப்ப போட்டிருப்பீங்க. அடுப்ப அணைச்சு, சூடு கொஞ்சம் அடங்கின பின்ன கரைச்சு ஊத்தணும். கொதிக்கறதுல போட்டே ஆகணும்னா 955 நம்பர் தாங்கும், ஆனா எண்ணெயில பொரிக்கறது, அவன்ல வேகவைக்கறது மாதிரி கடுஞ்சூட்டுக்கு அதுவும் வேண்டாம். என்னைக் கேட்டா, பொங்கலன்னைக்கு நிஜமான பொங்கல்லயே ரெண்டு ஸ்பூன் சாப்பிடட்டும், அன்னைக்கு மத்தியானம் சோத்தக் குறைச்சுக்கட்டும். சுகர் ஃப்ரீ ஸ்வீட்னு கடையில விக்கறத மட்டும் வாங்காதீங்க, அதுல நெய்யும் மைதாவும் பால்கோவாவும் அப்படியேதான் இருக்கு, மால்டிட்டால்ங்கற இனிப்பு போட்டிருந்தா நாலு பீஸுக்கு மேல வயித்தால போகும்.

பேரனுக்கு இது எதுவுமே வேண்டாங்க. ஆறு வயசுக் குழந்தைக்கு அந்தப் பவுடரால உடனே ஒன்னும் ஆகாது, ஆனா பாலுன்னா இனிக்கணும்னு நாக்கு கத்துக்கற வயசு இது. அஸ்பார்டேம், அசிசல்ஃபேம் டப்பாவுல குழந்தைகளுக்கு ஏத்ததில்லன்னு அச்சடிச்சே இருக்கும். வெறும் பால் குடிக்க மாட்டான்னா ஒரு ஸ்பூன் சக்கரை போடுங்க, கொஞ்சம் கொஞ்சமா அரை ஸ்பூனாக்குங்க. மாம்பழ சீசன்ல ஒரு துண்டு குண்டு மாம்பழம் கொடுங்க, சேலத்துல பொறந்த புள்ளைக்கு இனிப்புன்னா அதுவா இருக்கட்டும். வீட்ல நாய் இருந்தா இன்னொரு விஷயம், சைலிட்டால்ங்கற இனிப்பு போட்ட பவுடரோ சூயிங்கமோ அது வாயில பட்டுடக் கூடாது, கொஞ்சமே போதும், நாய்க்கு உயிருக்கே ஆபத்து.

கடைசியா, "வீட்ல அஸ்காவே வாங்கறதில்ல"ன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பெருமையாத்தான் எழுதியிருப்பீங்க, எனக்கு அதைப் படிச்சப்பதான் பக்குனு இருந்துச்சு. ஏற்காட்டுல எஸ்டேட் வேலை பாக்கற ஒரு பெரியவர், அவரும் கிளிமிபிரைடுதான், சாப்பாடு குறைஞ்சா சுகர ரொம்ப இறக்கிடற மாத்திரை அது, ஒரு நாள் காலையில மாத்திரைய போட்டுட்டு சாப்பிடாமயே காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டார். பதினோரு மணிக்கு கையெல்லாம் நடுக்கம், சட்டை நனைய வேர்வை, பேச்சு குழறுது. சுகர் இறங்கிடுச்சுன்னு அவர் வீட்டம்மாவுக்குப் புரிஞ்சுடுச்சு, புத்திசாலி, ஓடிப்போயி இனிப்பா ஒரு டம்ளர் காப்பி கலக்கிக் கொடுத்திருக்காங்க. எதைப் போட்டு? வீட்ல இருந்ததே சுகர் ஃப்ரீ மாத்திரைதான், அதுல நாலு. பத்து நிமிஷம் ஆச்சு, மறுபடி நாலு மாத்திரை போட்டு இன்னொரு டம்ளர். நாக்குக்குத்தான் இனிப்பு, ரத்தத்துக்கு ஒன்னுமில்லையே. ஜீப்புல ஏத்தி அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வர்றதுக்குள்ள நினைவு போயிடுச்சு, குளுக்கோஸ் ஏத்தினதும் முழிச்சுக்கிட்டார், பிழைச்சார். அந்தம்மா எங்கிட்ட வந்து உக்காந்து, நான் இனிப்புதான மேடம் கொடுத்தேன்னு அழுதாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, அந்த டப்பாவ எழுதிக்கொடுத்த நாங்க யாரும் அவங்களுக்கு இதைச் சொல்லியிருக்கல. அன்னையில இருந்து இதைச் சொல்லாம நான் யாரையும் அனுப்பறதில்ல.

இன்னைக்கே கால் கிலோ அஸ்கா வாங்கி, கைக்கு எட்டற அலமாரியில, மேல பெரிசா எழுதி வைங்க. அவருக்கு வேர்த்து நடுங்கினா, படபடன்னு வந்தா, மூணு டீஸ்பூன் அஸ்காவோ குளுக்கோஸோ அரை டம்ளர் தண்ணியில கரைச்சு உடனே கொடுங்க, கால் மணி நேரத்துல குத்திப் பாருங்க, 70க்கு மேல வரலன்னா மறுபடி அதே மூணு ஸ்பூன், சரியானதும் ஏதாவது சாப்பிட வைங்க. முழுங்க முடியாம நினைவு தப்பினா வாயில ஒன்னும் ஊத்தாதீங்க, 108க்கு கூப்பிடுங்க. தறிக்கொட்டாயிலயும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், அவர் சட்டைப்பையில ஒன்னு. எங்க வச்சிருக்கீங்கன்னு கூட வேலை பாக்கறவங்களுக்கும் சொல்லுங்க, பேரனுக்கும் காட்டி வைங்க.